கிழக்குப் பார்த்த குழாய்

போன மாதம் ஊருக்குப் போனபோது பஞ்சாயத்து அலுவலகத்தில் வீட்டு வரி கட்டினேன். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பிரித்துப் பார்த்தேன். வீட்டு வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: நூலக வரி. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. அப்பா இருந்தவரை ஆண்டு தவறாமல் அதைக் கட்டினார். நானும் பல வருஷமாகக் கட்டி வருகிறேன். ஆனால் அந்த ஒரு வரியில் கண் நின்றது அன்றைக்குத்தான்.

காரணம் இருக்கிறது. அதற்கு மூன்று வாரம் முன்னால் எங்கள் ஊர்க் குழு காணாமல் போயிருந்தது.

ஒன்பது வருஷமாக ஒரு சமூக ஊடகத் தளத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் நடத்தி வந்த குழு அது. ஊரில் இருப்பவர்கள், சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள், சிங்கப்பூர், துபாய் போனவர்கள் என்று எல்லோரும் அதில்தான் கூடுவோம். காதுகுத்து, கல்யாணம், இழவுச் செய்தி எல்லாம் அங்கேதான் வரும். கண்மாய் மடை உடைந்தால் முதல் படம் அங்கே வரும். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்ததா, நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறியதா என்ற கேள்வியும் அங்கேதான். சண்டையும் நடக்கும். கோயில் திருவிழாக் கணக்கை வைத்து ஒருமுறை நான்கு நாள் விடாமல் சண்டை நடந்து, கடைசியில் கணக்கு நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துப் போட்டார்கள். மந்தையில் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த நோட்டு வெளியே வந்திருக்காது என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஏனென்றால் மந்தைக்குப் பெண்கள் வரமாட்டார்கள். குழுவில் அவர்கள் வந்து கேட்டார்கள்.

ஒருநாள் காலையில் குழு இல்லை. நடத்திக்கொண்டிருந்த பையனின் கணக்கை யாரோ திருடி, என்னவோ விளம்பரம் போட்டிருக்கிறார்கள். தளத்தின் விதியை மீறியதாகச் சொல்லி மொத்தக் குழுவையும் நீக்கிவிட்டார்கள். அந்த நிறுவனத்துக்கு ஏழெட்டு முறை எழுதினோம். ஒவ்வொரு முறையும் ஒரே பதில், இயந்திரம் அனுப்புகிற பதில். பேச ஒரு ஆள் கிடையாது. முறையிட ஒரு மேசை கிடையாது. நேரில் போகலாம் என்றால் போக ஒரு கட்டடம் கூட நமக்குத் தெரியாது.

கல்யாணப் படங்கள் போனது போகட்டும், அவரவர் போனில் இருக்கும். எனக்கு ஆறாமல் இருப்பது கண்மாய்ப் படங்கள். பெரிய மழை பெய்த வருஷங்களில் தண்ணீர் எந்த மடைத் தூணில் எந்தக் கல் வரைக்கும் ஏறியது, கலுங்கு எந்தத் தேதியில் மறுகால் போனது என்று வருஷவாரியாகப் படம் போட்டிருந்தோம். நீர்ப்பிடிப்பில் பிளாட் போடப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு இப்போது ஊரில் அடிபடுகிறது. தாசில்தாரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய சாட்சி அந்தப் படங்கள்தான். அதை நாங்கள் அடுத்தவன் வீட்டுப் பரணில் வைத்திருந்தோம். அவன் பரணைக் காலி செய்துவிட்டான்.

அந்தக் கோபத்தோடு இருந்ததால்தான் நூலக வரி கண்ணில் பட்டது. அதோடு சேர்ந்து ரேடியோ ரூமும் நினைவுக்கு வந்தது.

எங்கள் மந்தையில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காரைக் கட்டடம் இருந்தது. நாலுக்கு நாலடி இருந்தால் அதிகம். உள்ளே பஞ்சாயத்து ரேடியோ, மேலே புனல் மாதிரி குழாய் ஒலிபெருக்கி. காலையில் பஞ்சாயத்துப் பியூன் வந்து பூட்டைத் திறந்து போடுவார். 7.15 ஆனால் ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி, டில்லியிலிருந்து. சரோஜ் நாராயணசாமியின் குரல் கேட்டால்தான் எங்கள் தெருவில் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவார்கள். சாயங்காலம் விவசாய நிகழ்ச்சி. அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் திருச்சி வானொலியில் கேட்டுக் கேட்டு ஆடுதுறை 27 ரகத்தைப் போட ஆரம்பித்த விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஒரு நெல்லுக்கே பேராகிற அளவுக்கு அந்தப் பெட்டி ஜனங்களோடு ஒட்டியிருந்தது.

நான் பார்த்தபோது அந்தக் கட்டடத்தின் மேல் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்று மேற்கே கோயில் தெருவைப் பார்த்து, இன்னொன்று கிழக்கே ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனியைப் பார்த்து. இரண்டாவது குழாய் எப்படி வந்தது என்று அப்பத்தா சொல்லித்தான் தெரியும்.

முதலில் ஒரே குழாய்தான், மேற்குப் பார்த்து. காலனி ஆட்கள் அப்போது மந்தைக்குள் வந்து உட்கார முடியாது. வரப்பில் நின்றுதான் கேட்பார்கள், காற்று மாறினால் அதுவும் கேட்காது. நமக்கும் ஒரு குழாய் வேண்டும் என்று பஞ்சாயத்தில் இரண்டு தடவை மனு கொடுத்திருக்கிறார்கள். பணமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை, வட்டார வளர்ச்சி அதிகாரியான பி.டி.ஓ. ஊருக்கு வந்த அன்றைக்கு அவர் கையிலேயே மனுவைக் கொடுத்தார்கள். “வீட்டு வரி நாங்களும்தானே கட்டுறோம்” என்ற ஒரே பேச்சுதான் பேசினார்களாம். மறுமாசம் இரண்டாவது குழாய் வந்தது. மேற்குத் தெருவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் குழாயைக் கழற்ற யாராலும் முடியவில்லை, ஏனென்றால் அது பஞ்சாயத்துச் சொத்து, பதிவேட்டில் ஏறியாகிவிட்டது. அப்பத்தா இதைச் சொல்லும்போது கடைசியில் ஒன்று சொல்வாள்: “சத்தத்துக்கு வேலி போட்டவன் எவன்டா?”

அந்த மனுவைப் பற்றி எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ரேடியோ தனியார் வீட்டில் இருந்திருந்தால் காலனிக்காரர்கள் யாரிடம் போய் நின்றிருப்பார்கள்? வீட்டுக்காரர் தயவு வைத்தால் கேட்கலாம், இல்லையென்றால் கிடையாது. பொதுப் பணத்தில் வாங்கியது என்பதால்தான் அதில் பங்கு கேட்க ஒரு பிடி கிடைத்தது. கேட்க ஒரு அலுவலகம் இருந்தது, கையெழுத்துப் போட ஒரு அதிகாரி இருந்தார். எங்கள் குழு போனபோது எங்களிடம் இல்லாமல் போனது அந்தப் பிடிதான்.

இது ஏதோ எங்கள் ஊரில் மட்டும் நடந்த அதிசயம் என்று நினைக்க வேண்டாம். சென்னை ராஜதானியில் ரேடியோவைத் தொடங்கியவர்கள் ஆர்வலர்கள். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் உருவான மதராஸ் மாகாண ரேடியோ கிளப் அது. மூன்று வருஷத்தில் பணம் தீர்ந்து போனது. கருவியை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அதனால் மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை அந்தச் சேவை நடந்தது. குப்பை அள்ளுவதும் விளக்குப் போடுவதும் போல, கடற்கரையில் காற்று வாங்க வந்தவருக்குப் பாட்டும் செய்தியும் கேட்கச் செய்வதும் மாநகராட்சி வேலைதான் என்று அப்போது இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

நூலக வரியின் கதையும் அந்த வழியில் வந்ததுதான். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் இருபது வருஷத்துக்கு மேல் விடாமல் எழுதியும் பேசியும் வந்ததன் பலனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். நாடு பட்டினியிலும் பிரிவினைக் காயத்திலும் கிடந்த காலம் அது. படிக்கத் தெரியாதவர்கள்தான் பெரும்பாலானவர்கள். அந்த நேரத்தில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நூலகத்துக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும். அந்தப் பைசாவில் நின்றதுதான் இன்று தமிழ்நாட்டில் இருக்கிற 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள். கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று பல சைஸில் இருக்கும். கூரை ஒழுகுகிறது, புதுப் புத்தகம் வரவில்லை, உள்ளாட்சிகள் வசூலித்த வரியை ஒழுங்காகக் கொடுப்பதில்லை என்று குறை சொல்ல நிறைய இருக்கிறது, நானும் சொல்வேன். ஆனால் உள்ளே நுழைபவனிடம் நீ யார், என்ன வாங்கப் போகிறாய் என்று கேட்காத ஒரு கூரை ஊருக்கு ஊர் இருக்கிறது. வேலை இல்லாத பையன் காலையில் போய் சாயங்காலம் வரை உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கலாம். பேப்பர் படிக்க வரும் பெரியவர் தூங்கிவிட்டாலும் யாரும் எழுப்பமாட்டார்கள்.

சரி, இணையத்துக்கு வருகிறேன்.

இணையம் தனியார் மூளையில் பிறந்தது போல ஒரு எண்ணம் நம்மிடம் பரவியிருக்கிறது. அது பொதுப் பணத்தில் பிறந்தது. 1969இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் ஆர்பாநெட் என்ற கணினி வலை வந்தது. அப்புறம் அவர்களுடைய தேசிய அறிவியல் நிறுவனம் முதுகெலும்பு வலையைப் போட்டு நடத்தி, 1995இல் தனியாரிடம் விட்டது. வலைத்தளங்கள் இயங்குகிற முறை ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து பணம் போட்டு நடத்தும் செர்ன் ஆய்வகத்தில் உருவானது. 1993 ஏப்ரல் 30 அன்று அதை யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் எழுதிக் கொடுத்துவிட்டது. இந்தியாவிலும் எண்பதுகளிலேயே எர்நெட் என்ற வலை மூலம் கல்வி நிறுவனங்களை இணைத்தது அரசுதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது பொதுத்துறையில் இருந்த வி.எஸ்.என்.எல். விதை நெல் ஊருடையது.

இன்றைக்கும் பொதுப் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நாம் போன் பேசுகிற காசிலிருந்து, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருமானத்தில் 5 சதவீதம் 2002 முதல் பிடிக்கிறார்கள்; உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதி என்று இருந்த அதன் பேர் 2024இல் டிஜிட்டல் பாரத் நிதி ஆனது. அந்தப் பணத்தில்தான் இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கண்ணாடியிழை போடும் திட்டத்துக்கு 2011இல் ஒப்புதல் தந்தார்கள், இப்போது பாரத்நெட் என்கிறார்கள். தமிழ்நாட்டில் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் இழை கொண்டுபோகும் வேலையை டான்ஃபினெட் என்ற மாநில அரசு நிறுவனம் செய்கிறது. கேரளம் ஒரு படி மேலே போய் 2023 ஜூனில் கே-ஃபோன் என்று சொந்த வலையமைப்பையே தொடங்கியது; ஏழைக் குடும்பங்கள் 20 லட்சத்துக்கு இலவச இணைப்பு தருவது அதன் திட்டம்.

இதெல்லாம் வேண்டும், சந்தேகமே இல்லை. ஊரடங்கின்போது ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் இழை என்பது சாலை. சாலை போட்டுவிட்டோம், அந்தச் சாலை எங்கே கொண்டுபோய் விடுகிறது? நான்கைந்து கம்பெனிகளின் கடைவாசலில். ஊர் கூடிப் பேசுவது, மனு எழுதுவது, துக்கம் கேட்பது, பழைய படத்தைச் சேர்த்து வைப்பது எல்லாம் அந்தக் கடைக்குள்தான் நடக்கிறது. கடைக்காரர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே விஷயமே இல்லை. கடை அவருடையது, அவர் எப்போது வேண்டுமானாலும் ஷட்டரை இறக்கலாம். சாலைக்கு ஆயிரக்கணக்கான கோடி போட்டவர்கள் மந்தைக்கு இடம் விடவில்லை.

மந்தைக்கு இடம் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே அத்தாட்சி இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் ஒரு முடிவு எடுத்தார்கள். அதன்படி 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தது, இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம். நான் இந்தக் கட்டுரையைத் தட்டுகிற தமிழ்99 விசைப்பலகையும் அந்த மாநாட்டில் பிறந்ததுதான். 2015ஐ ஒட்டி அந்தக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் யாரும் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமத்தில், தன்னார்வலர்கள் நடத்தும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்துக்குக் கொடுத்தது. நாட்டுடைமை என்பதே தமிழ்நாட்டின் பெருமைக்குரிய ஏற்பாடு. எழுத்தாளரின் குடும்பத்துக்கு அரசு பணம் கொடுத்து, எழுத்தை ஊர்ச் சொத்தாக்குவது. பாரதியின் எழுத்தில் தொடங்கியது. 1949இல் ஓமந்தூரார் அரசு உரிமையை வாங்கி, சில வருஷம் கழித்து எல்லோருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அப்போது வாங்கியிராவிட்டால் பாட்டுக்குப் பாட்டு உரிமம் கேட்டுக்கொண்டு நின்றிருப்போம்.

அந்த விக்கிமூலத்தில் நானும் மெய்ப்புப் பார்க்கிறேன், ராத்திரி ஒரு பக்கம், இரண்டு பக்கம். இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் ஸ்கேன் செய்த பழைய தாள். ஓரம் பழுத்து, நடுவில் யாரோ வெற்றிலைக் கையால் தொட்ட கறையோடு இருக்கும். படத்தில் இருக்கிற எழுத்தைப் படிக்கும் மென்பொருளான எழுத்துணரிக்குத் துதிக்கை போட்ட பழைய லை, னை பிடிபடாது, என்னென்னவோ கொடுக்கும். காலுக்குப் பதில் ர போட்டுவிடும். ‘அவனா’ என்பது ‘அவனர’ ஆகும். ஒவ்வொன்றாகத் திருத்திச் சேமித்தால் சிவப்பாக இருந்த பக்க எண் மஞ்சளாகும். இன்னொருவர் வந்து சரிபார்த்தால் பச்சையாகும். என் மஞ்சள் பக்கங்களைப் பெரும்பாலும் பச்சையாக்குபவர் திருநெல்வேலிப் பக்கம் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை. நேரில் பார்த்ததில்லை. ஒருமுறை நான் ‘வெள்ளாமை’யை ‘வேளாண்மை’ என்று திருத்திவிட்டேன். மறுநாள் காலையில் பழையபடி மாற்றி, “ஆசிரியர் எழுதியது அதுதான் தம்பி, நாம் தொடக் கூடாது” என்று எழுதியிருந்தார். வீட்டுக் கொல்லையில் என் தவறை யாரும் திருத்தமாட்டார்கள். அதற்குப் பொது இடம் வேண்டும்.

ஆனால் அங்கேயும் பார்த்தால் அரசு ஒருமுறை கொடுத்தது, மீதி ஊதியமில்லாத உழைப்பு. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது, முழுக்கத் தன்னார்வலர்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் அப்படியே. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்ட துயரத்தைச் சுமந்துகொண்டு ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்த்து வரும் ‘நூலகம்’ நிறுவனம் நன்கொடையில் நடக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகனை எடுத்துக்கொள்ளுங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், எல்லாம் நம் வரிப் பணம். ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி நாம் இணையத்தில் போகிறோமே, அங்கே நமக்கு வெகுகாலமாக அதைத் திறந்து வைத்திருப்பது சிகாகோ பல்கலைக்கழகம், அமெரிக்கக் கல்வித் துறையின் நிதியில். அவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். கூடவே வெட்கமாகவும் இருக்கிறது.

தனியார் இலவசமாகக் கொடுக்கும்போது அரசு எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இந்தியா ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. 2015இல் ஃபேஸ்புக் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று கொண்டுவந்தது. சில தளங்களை மட்டும் ஏழைகள் டேட்டாக் காசு இல்லாமல் பார்க்கலாம், எந்தத் தளம் என்பது அவர்களுடைய திட்டத்துக்குள் வருவதைப் பொறுத்தது. மேற்குத் தெருவுக்கு முழு ரேடியோ, காலனிக்கு நாங்கள் பொறுக்கிய நான்கு பாட்டு என்பது போல. அதற்கு முன்பே, அந்த வருஷம் ஏப்ரலில், எல்லாத் தளத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை பற்றித் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. நானும் ஒன்று அனுப்பினேன், தமிழில். 2016 பிப்ரவரி 8 அன்று தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்று டிராய் உத்தரவு போட்டது. சாதாரண ஜனங்கள் எழுதி எழுதி ஜெயித்த விஷயம் அது. ஆனால் அந்தக் கதவை மூடியதோடு நின்றுவிட்டோம். அவர்கள் இலவசமாகத் தருகிறோம் என்று சொன்ன இடத்தில் நாம் என்ன கட்டப் போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது, அதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். அரசு கையில் கொடுத்தால் அரசு வாயை அடைக்காதா? அடைக்கும். 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் செத்தார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். பிள்ளை எங்கே என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நேரத்தில் இணையம் இல்லை. அங்கே இருந்த உறவுக்காரர்களிடமிருந்து ஒரு செய்தியும் வராத அந்த நாட்களை நான் மறக்கவில்லை. இணையம் வழியாகப் பேசும் உரிமையும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது, காஷ்மீர் முடக்கத்தை எதிர்த்து அனுராதா பசீன் போட்ட வழக்கில். ஆனால் முடக்கம் நின்றுவிடவில்லை.

ஆனால் பொது என்பதும் ஆட்சியில் இருப்பவர் என்பதும் ஒன்றாகிவிடக் கூடாது என்று நமக்குச் சொல்லித் தர ஒரு கட்டடம் கோட்டூர்புரத்தில் நிற்கிறது. அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறந்தது. ஆட்சி மாறியது. 2011 நவம்பரில் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். வாசகர்களும் எழுத்தாளர்களும் எழுந்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் இன்றும் இருக்கிறது. ஏன் காப்பாற்ற முடிந்தது? அது பொதுச் சொத்து என்பதால் வழக்குப் போட ஒரு வழி இருந்தது. ஒரு கம்பெனி தன் தளத்தை மூடினால் எந்த நீதிமன்றத்தில் போய் நிற்பது? அரசு தவறு செய்யும், ஆனால் அதன் சட்டையைப் பிடித்து நிறுத்த வழி இருக்கிறது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காற்றலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னபோது அதோடு இன்னொன்றும் சொன்னது: அவற்றை ஒழுங்குபடுத்துவது அரசைச் சாராத ஒரு பொது அமைப்பாக இருக்க வேண்டும். வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதியை உண்மையிலேயே அப்படி விட்டார்களா என்பது வேறு வருத்தம். ஆனால் கொள்கை தெளிவாகவே இருக்கிறது. பணம் மக்களுடையது, சாவி ஆட்சியாளரிடம் இருக்கக் கூடாது.

அதனால் நான் கேட்பது இதுதான். நூலக வரி மாதிரி, சட்டத்தால் ஒதுக்கிய, பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் கெஞ்ச வேண்டாத ஒரு பங்கு. புதிதாக வரி கூட வேண்டாம், அந்த 5 சதவீத நிதியிலேயே ஒரு துளியை இழைக்கு மேல் நடக்கிற வாழ்க்கைக்கு ஒதுக்கலாம். அதில் ஒவ்வொரு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கும் ஒரு சர்வர் கொடுங்கள். ஊர்க் குழுக்கள், பள்ளிகள், விவசாயச் சங்கங்கள் அதில் தங்கள் பக்கத்தை நடத்தட்டும். விளம்பரம் கிடையாது, எதைப் பார்க்கிறாய் என்று பின்னால் வருபவன் கிடையாது. ஒரு பதிவை நீக்கினால் ஏன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டுக்கு மனிதர் இருக்க வேண்டும். ஆணைக்குழுவில் வாசகர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் உட்கார வேண்டும், இந்தக் கடைசி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சாதி பேசி மிரட்டுகிறவனையும் பெண்களைத் துரத்துகிறவனையும் என்ன செய்வது என்பதை அமெரிக்காவில் இருக்கும் ஒரு இயந்திரத்தைவிட எங்கள் வட்டாரத்து ஆள் நன்றாகவே அறிவார், அவருக்குச் சம்பளம் கொடுத்தால். அப்புறம் இலவச எழுத்துருக்கள், எழுத்துணரி, பிழைதிருத்தி. இவற்றை ராத்திரி கண் விழித்துச் செய்துகொண்டிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வருஷச் சோறு போட்டால் போதும். ஜெர்மனி 2022 முதல் அப்படி ஒரு நிதி வைத்து, உலகமே பயன்படுத்துகிற திறமூல மென்பொருள்களைப் பராமரிப்பவர்களுக்குப் பணம் கொடுத்து வருகிறது. 1948இல் நூலகச் சட்டம் போட்ட மாநிலத்துக்கு இது எட்டாத உயரமா?

எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். குழு திரும்ப வரப்போவதில்லை என்று தெரிந்ததும் கிளை நூலகத்துக்குப் போனேன். நூலகர் அம்மா பத்து வருஷமாக அங்கே இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். “வாசகர் வட்டக் கூட்டத்துல பேசுங்க சார், கம்ப்யூட்டர் ஒண்ணு சும்மாதான் இருக்கு” என்றார். பேசினேன். பதினோரு பேர் வந்திருந்தார்கள், அதில் மூன்று பேர் காலனிப் பிள்ளைகள், கல்லூரியில் படிப்பவர்கள். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் உட்கார்வது என்று முடிவானது. அவரவர் போனிலும் பழைய ஆல்பத்திலும் இருக்கிற ஊர்ப் படங்களைக் கொண்டுவருவது, தேதியும் இடமும் எழுதி, பொது உரிமத்தில் விக்கிமீடியாவில் ஏற்றுவது, ஒரு நகலை நூலகத்திலேயே ஹார்ட் டிஸ்க்கில் வைப்பது. ஸ்கேனருக்குப் பணம் துபாயிலிருந்து வந்தது.

இதுவரைக்கும் நூற்று நாற்பது படம் சேர்ந்திருக்கிறது. கண்மாய்ப் படங்கள் ஒன்பது கிடைத்துவிட்டன. மடைத் தூணில் தண்ணீர் நான்காவது கல்லுக்கு மேல் நிற்கிற படம் ஒன்று, தேதியோடு. அதன் பிரிண்டை வைத்து மனு எழுதியாயிற்று.

போன சனிக்கிழமை காலனியிலிருந்து வந்த பெண் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கொண்டுவந்தாள், அவளுடைய தாத்தா வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்ததாம். ரேடியோ ரூம். ஏணியைச் சாத்திக் கூரை மேல் ஏறி ஒருவர் நிற்கிறார், கீழே பத்திருபது பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள், ஏணியைப் பிடித்திருக்கிற பையன் தன் தாத்தா என்கிறாள். குழாயின் வாய் கிழக்குப் பக்கம் திரும்பியிருக்கிறது. படத்துக்குத் தலைப்பு என்ன போடுவது என்று நூலகர் அம்மா கேட்டார். தாத்தாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அந்தப் பெண் போயிருக்கிறாள்.